மாமாவோட லென்சும் 45.46 மில்லிமீட்டரும்

பதிவு போட்டு நாலு மாசம் ஆச்சு. லேப், பரீட்சை, வார இறுதியில பார்ட் டைம் வேலைன்னு வழக்கமான சாக்குகள்தான், அதையெல்லாம் சொல்லி உங்க நேரத்தை வீணாக்கலை. இன்னைக்குக் கொஞ்சம் நீளமான கதை. ஒரு டீயைப் போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க :-)

போன வருஷம் ஊருக்குப் போயிருந்தப்போ கோவில்பட்டியில மாமா வீட்டுப் பரண்ல இருந்து ஒரு பிஸ்கட் டப்பா இறங்குச்சு. உள்ள பழைய துணியில சுத்தி ஒரு லென்ஸ். மாமா கல்யாண போட்டோகிராபரா இருந்தவர். 1986-ல, சோவியத்துல படிச்சுட்டு வந்த ஒரு இன்ஜினியர்கிட்ட செகண்ட் ஹேண்டா ஒரு ஜெனிட் கேமரா வாங்கித் தொழிலை ஆரம்பிச்சார். அப்புறம் வேற வேற கேமரா வந்துச்சு. ஜெனிட்டோட ஷட்டர் செத்துப்போய் பாடி பழைய இரும்புக்குப் போயிருச்சு. டிஜிட்டல் வந்து எல்லார் கையிலயும் கேமரா ஆனதும் ஸ்டுடியோவையும் மூடிட்டார். இப்போ அதே இடத்துல ஜெராக்ஸ் கடை. மிச்சம் இருந்தது இந்த லென்ஸ் மட்டும்தான்.

"நீ லென்ஸ் படிப்புதான படிக்க? கொண்டு போயி பாடம் பண்ணி வச்சுக்க. படமெல்லாம் வராது, பூஞ்சை புடிச்சிருச்சு" அப்படின்னு சொல்லிக் கையில குடுத்தார்.

நான் படிக்கிறது ஒளியியல். ஊர், ஜெர்மனியில இருக்குற யேனா. (ஜெனான்னு படிச்சிராதீங்க, இங்க இருக்குறவங்க கோவிச்சுக்குவாங்க.) லென்ஸைத் துடைச்சுப் பாத்தா முன்வளையத்துல ரஷ்ய எழுத்து. எழுத்துக்கூட்டிப் படிச்சேன்: கெலியோஸ்-44-2. கிரேக்கச் சூரியக் கடவுள் ஹீலியோஸோட ரஷ்ய உச்சரிப்பு. 58 மில்லிமீட்டர், எஃப்/2. பக்கத்துல ஒரு பட்டகமும் அதுக்குள்ள நுழையுற ஒளிக்கதிரும் போட்ட சின்ன முத்திரை. அது மாஸ்கோவுக்குப் பக்கத்துல இருக்குற கிராஸ்னோகோர்ஸ்க் ஆலையோடது. வரிசை எண் 79-ல ஆரம்பிக்குது. அந்த ஆலைக் கணக்குல முதல் ரெண்டு இலக்கம் வருஷத்தைக் குறிக்கும். ஆக 1979-ல பிறந்தது, எனக்கு அண்ணன்.

ரஷ்ய லென்ஸ்தானே, இதுல யேனாவுக்கு என்ன சம்பந்தம்னு கேக்குறீங்களா? நானும் அப்படித்தான் நெனச்சேன். தோண்ட ஆரம்பிச்ச பிறகுதான் தெரிஞ்சது, இந்த லென்ஸோட பூர்வீகமே நான் தினமும் சைக்கிள்ல போற இந்த ஊருதான்.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1846-ல கார்ல் ஸைஸ் இந்த ஊர்ல ஒரு சின்னப் பட்டறை போட்டார். மைக்ராஸ்கோப் செய்யுற வேலை. அந்தக் காலத்துல லென்ஸ் செய்யுறது ஏறக்குறைய சமையல் மாதிரி. தேய்ச்சுப் பாரு, சரியில்லையா, மறுபடி தேய். 1866-ல ஸைஸ் இங்க பல்கலைக்கழகத்துல இருந்த எர்ன்ஸ்ட் அபேயைக் கூட்டு சேத்தார். கைப்பக்குவத்துல நடந்த தொழிலைக் கணக்குக்குள்ள கொண்டு வந்தது அபேதான். 1884-ல ஓட்டோ ஷோட் கூடச் சேர்ந்து கண்ணாடி ஆலையும் வந்துச்சு. கணக்கு, கண்ணாடி, கைவேலை மூணும் ஒரே ஊர்ல. அபே போட்ட சூத்திரத்தை இங்க தெருவோரம் நினைவுக்கல்லாவே வெட்டி வச்சிருக்காங்க. பரீட்சைக்கு முந்தின நாள் அந்தப் பக்கம் போனா பயமா இருக்கும். தொழிலாளிகளுக்கு 8 மணி நேர வேலையை 1900-லயே நடைமுறைக்குக் கொண்டு வந்த நிறுவனம் அது. அதுவும் அபே செஞ்ச வேலைதான்.

இந்த ஆலையில வேலை பாத்தவர் வில்லி மெர்டே. 35 மி.மீ. பிலிம் போடுற முதல் எஸ்எல்ஆர் கேமராக்கள்ல ஒண்ணான கினே எக்ஸாக்டா 1936-ல டிரெஸ்டன்ல வந்தப்போ, அதுக்காக அவர் வடிவமைச்ச லென்ஸ்தான் பயோட்டார் 58 மி.மீ. எஃப்/2. நாலு தொகுதியில ஆறு கண்ணாடி. அதே சமயம் அதே யேனாவுல இன்னொருத்தர், உக்ரைன்ல பிறந்த அலெக்ஸாண்டர் ஸ்மக்குலா, 1935-ல ஒரு காரியம் செஞ்சிருந்தார். கண்ணாடி மேல ரொம்ப மெல்லிய ஒரு பூச்சைப் படிய வச்சு எதிரொளிப்பைக் குறைக்குற முறை. இது ஏன் முக்கியம்னா, பூச்சு இல்லாத கண்ணாடியோட ஒவ்வொரு பரப்பும் 4, 5 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிடும். பயோட்டார்ல காத்தைத் தொடுற பரப்பு எட்டு. எட்டு தடவை அப்படிப் போனா மொத்தத்துல சுமார் 30 சதவீதம் அவுட். போறது மட்டுமில்ல, உள்ளயே முட்டி மோதிப் படத்தை வெளிறிப்போக வேற வைக்கும்.

அப்புறம் போர். 1945 ஏப்ரல் 13-ம் தேதி அமெரிக்கப் படை யேனாவுக்குள்ள வந்துச்சு. ஆனா இந்த ஊர் சோவியத் பங்குக்குப் போகப் போகுதுன்னு முன்னாடியே முடிவாகியிருந்துச்சு. அதனால கிளம்புறதுக்கு முன்னாடி, ஜூன்ல, ஸைஸ், ஷோட் ஆலைகளோட முக்கியமான விஞ்ஞானிகளையும் நிர்வாகிகளையும் குடும்பத்தோட லாரியில ஏத்தித் தெற்கே ஹைடன்ஹைம் பக்கம் கொண்டு போயிட்டாங்க. 1946-ல அவங்களை வச்சு ஓபர்கோகன்ல இன்னொரு ஆலை தொடங்குச்சு. மெர்டேயும் ஸ்மக்குலாவும் அமெரிக்காவுக்கே கொண்டு போகப்பட்டாங்க. மெர்டே 1948-ல இறந்துட்டார். ஸ்மக்குலா பின்னாடி எம்ஐடியில பேராசிரியர் ஆனார்.

மூளை மேற்கே போச்சா, கைகால் கிழக்கே போச்சு. 1946 அக்டோபர் 22-ம் தேதி, விடிஞ்சும் விடியாத நேரம். சோவியத் பகுதி முழுக்க ஒரே நாள்ல வீடு வீடாக் கதவு தட்டுனாங்க. ரெண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிபுணர்கள், குடும்பங்கள், கட்டில் பீரோ எல்லாம் ரயில்ல ஏத்தப்பட்டுச்சு. யேனாவுல இருந்து போனவங்க மட்டும் சில நூறு பேர். ஆலையோட இயந்திரங்கள்ல பெரும்பகுதியும் போர் இழப்பீடுங்கிற கணக்குல கழற்றி அனுப்பப்பட்டுச்சு. இந்தப் போரை ஆரம்பிச்சது ஜெர்மனி, சோவியத் மண்ல அது செஞ்ச அழிவு கொஞ்சநஞ்சமில்ல. அதை மறந்துட்டு இதை மட்டும் பேசக்கூடாது. ஆனா கதவைத் தட்டி எழுப்பப்பட்ட அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் எப்படிப் புரிஞ்சிருக்கும்னும் யோசிக்காம இருக்க முடியலை.

அப்படிக் கிழக்கே போனதுல பயோட்டாரோட வடிவமும் ஒண்ணு. கிராஸ்னோகோர்ஸ்க்ல அதைச் சோவியத் கண்ணாடிக்கு ஏத்த மாதிரி திரும்பக் கணக்குப் போட்டாங்க. முதல்ல அதுக்கு வச்ச சுருக்கப் பேரு 'பிடிகே', அதாவது கிராஸ்னோகோர்ஸ்க் பயோட்டார். ஒளிவுமறைவே இல்ல! 1950-களோட கடைசியில அது கெலியோஸ்-44 ஆச்சு. 1960 வாக்குல யேனாவே பயோட்டாரை நிறுத்திட்டு அடுத்த லென்ஸுக்குப் போயிருச்சு. ஆனா சோவியத் ஆலைகள் இதை விடாம செஞ்சுட்டே இருந்தாங்க. ஜெனிட்-இ கேமரா மட்டும் கிராஸ்னோகோர்ஸ்க்ல 30 லட்சத்துக்கு மேல வந்துச்சு. அதுல நிறைய கேமராவோட மூஞ்சியில இருந்தது இந்த 44-2 தான். அதுல ஒண்ணுதான் எப்படியோ கோவில்பட்டிக்கு வந்து சேந்து, முகூர்த்த நேரத்துல எங்க மாமா கையில இருந்துச்சு.

இதுக்கு நடுவுல யேனாவுல நடந்தது தனி காமெடி. கிழக்குல ஒரு ஸைஸ், மேற்குல ஒரு ஸைஸ், பேருக்குச் சண்டை. வருஷக்கணக்கா பல நாட்டு நீதிமன்றங்கள்ல வழக்கு நடந்து, 1971-ல லண்டன்ல ஒப்பந்தம் போட்டாங்க. மேற்கு நாடுகளுக்குப் போன கிழக்கு லென்ஸ்கள்ல ஸைஸ்னு பேர் போட முடியாம, 'யேனாவிலிருந்து'ன்னு மட்டும் போட்டு அனுப்புனாங்க. பயோட்டார்னு முழுசா எழுதக்கூடாதுன்னா ஒரே ஒரு 'பி'. பாகப்பிரிவினை வழக்குல வீட்டுப் பேர் யாருக்குன்னு அடிச்சுக்குற பங்காளிங்க கதைதான், வேறென்ன.

சரி, ஊரும் பேரும் பிரிஞ்சும் ஒரு விஷயம் மட்டும் பிரியலை. அதுதான் தலைப்புல இருக்குற எண்.

1945 பிப்ரவரியில குண்டு விழுந்து தரைமட்டமான டிரெஸ்டன்ல, நாலே வருஷத்துல, 1949-ல, காண்டாக்ஸ் எஸ், பிராக்டிகான்னு ரெண்டு கேமரா வந்துச்சு. லென்ஸை மாட்ட ரெண்டும் ஒரே திருகைத்தான் பயன்படுத்துச்சு. 42 மி.மீ. விட்டம், 1 மி.மீ. புரி. எம்42-ன்னு சொல்லுவாங்க. லென்ஸ் உக்காருற இடத்துல இருந்து பிலிம் வரைக்கும் தூரம் 45.46 மி.மீ. இந்த அளவு எந்த நாட்டுக்கும் கட்டுப்படலை. ஜப்பான்ல பென்டாக்ஸ் 1957-ல எடுத்துக்கிச்சு. சோவியத் ஜெனிட்டும் பின்னாடி இதுக்கே வந்துச்சு. பனிப்போர் உச்சத்துல இருந்தப்போ கிழக்கு ஜெர்மன் பாடியில ஜப்பான் லென்ஸும், ஜப்பான் பாடியில ரஷ்ய லென்ஸும் பாட்டில் மூடி மாதிரி திருகுனா உக்காரும். தலைவர்கள் பேசிக்கவே யோசிச்ச காலத்துல மரைக்கு மரை சரியாப் பொருந்துச்சு.

இப்போ அடாப்டர் விஷயம். எஸ்எல்ஆர் கேமராவுல லென்ஸுக்குப் பின்னாடி ஒரு கண்ணாடி மேலயும் கீழயும் ஆடும் இல்லையா, அதுக்கு இடம் விடணும். அதனாலதான் அந்த 45 சொச்சம் மி.மீ. தூரம். அடாப்டர்ங்கிறது ஒரு வளையம், அவ்வளவுதான். பழைய லென்ஸ் கேக்குற தூரத்துக்கும் புது கேமராவுல இருக்குற தூரத்துக்கும் நடுவுல உள்ள வித்தியாசத்தை அது நிரப்பும். கேனான் இஎஃப் கேமராவுல தூரம் 44 மி.மீ., வித்தியாசம் 1.46 மி.மீ., ஒரு மெல்லிசு வளையம் போதும். நிக்கான் எஃப்-ல தூரமே 46.5 மி.மீ. லென்ஸ் இன்னும் 1 மி.மீ. உள்ள போகணும்னு கேக்கும், உள்ள போக வழி இல்ல. நடுவுல ஒரு திருத்துக் கண்ணாடி போடாட்டி தூரத்து மலை என்னைக்கும் மங்கல்தான்.

2008-ல பானசோனிக் ஜி1, 2010-ல சோனி நெக்ஸ்னு மிரர்லெஸ் கேமராக்கள் வந்து அந்த ஆடுற கண்ணாடியைத் தூக்கிட்டாங்க. சோனி இ மவுண்ட்ல தூரம் வெறும் 18 மி.மீ. 45.46-ல 18 போனா 27.46 மி.மீ. அந்த நீளத்துக்கு ஒரு வெறும் குழாய், உள்ள கண்ணாடியும் கிடையாது, மின்சாரமும் கிடையாது. எம்42 மட்டுமில்ல, அனேகமா எல்லா பழைய எஸ்எல்ஆர் லென்ஸும் இப்படி உள்ள வந்துரும். 2013-ல சோனி ஏ7 வந்தப்போ பிலிம் அளவுக்கே சென்சாரும் கிடைச்சுது. 58 மி.மீ. லென்ஸ் 58 மி.மீ. லென்ஸாவே பாக்கும். அதுக்கு முன்னாடி வந்த சின்ன சென்சார் நெக்ஸ்ல அதே லென்ஸ் 87 மி.மீ. மாதிரி ஓரத்தையெல்லாம் வெட்டிரும். நான் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது அந்த முதல் ஏ7 தான்.

ஆக, முதல் வேலை பூஞ்சை. ஹாஸ்டல் சமையலறை மேசையில முன்பக்க வளையத்தைக் கழட்டி, நடுங்குற கையோட துடைச்சேன். முன் கண்ணாடி சுத்தமாயிருச்சு. உள்ள ஒரு இடத்துல மட்டும் வேர் விட்ட மாதிரி ஒரு தடம் நின்னுருச்சு. அது அழுக்கு இல்ல, பூஞ்சை பூச்சையே தின்ன இடம். ஸ்மக்குலா வழியில வந்த பூச்சைக் கோவில்பட்டிக் காத்து தின்னுருக்கு!

அடாப்டர் 15 யூரோ. மாட்டி, மெனுவுல 'லென்ஸ் இல்லாமலும் படம் எடு'ங்கிற அமைப்பைப் போட்டேன். (இது போடாட்டி கேமரா லென்ஸே இல்லைன்னு சாதிக்கும். அந்தக் குழாய் வழியா அதுக்கு ஒரு சேதியும் போறதில்லையே.) எடுத்த படமெல்லாம் இருட்டு, ஃபோகஸும் தப்பு. மாமா சொன்னது சரிதான் போல, லென்ஸ் செத்துருச்சுன்னு நெனச்சு வீடியோ கால் போட்டு லென்ஸைக் காட்டினேன்.

மாமா ரெண்டு நிமிஷம் உத்துப் பாத்தார்.

"ஏலே மாப்ள, அதுல வளையம் ரெண்டு இருக்குல்லா? ஒண்ணு கணக்கு வைக்கது, ஒண்ணு திறந்து மூடுதது. நீ மூடி வச்சுக்கிட்டே ஃபோகஸ் பண்ணுத. முதல்ல முழுசாத் திற, ஃபோகஸ் பண்ணு, பொறவு மூடு, பொறவு அமுக்கு."

44-2-ல அப்பர்ச்சர் தானா மூடாது. அதனால எத்தனைக்கு மூடணும்னு ஒரு வளையத்துல முன்கூட்டியே வச்சுட்டு, இன்னொரு வளையத்தைத் திறந்து ஃபோகஸ் பண்ணிட்டு, படம் எடுக்குறதுக்கு முன்னாடி அது முட்டி நிக்குற வரைக்கும் கண்ணால பாக்காமலே திருப்பணும். மூணு வருஷமா ஒளியியல் படிக்கிற எனக்கு இது தெரியலை. வாத்தியார் கோவில்பட்டியில ஜெராக்ஸ் கடையில உக்காந்திருக்கார்.

அப்புறம் என்ன, ஸாலே ஆத்தங்கரைப் பூங்காவுல சுத்துறதுதான் வேலை. பின்னாடி இலைகள் இருக்குற மாதிரி எஃப்/2-ல எடுத்தா, ஆளைச் சுத்தி இலையெல்லாம் சுழலுற மாதிரி வரும். இதை இப்போ எல்லாரும் அழகுன்னு கொண்டாடுறாங்க. உண்மையில அது ஒரு குறை. ஓரத்துல வர்ற ஒளியை லென்ஸோட குழாயே கொஞ்சம் மறைக்கும். அதனால வட்டமா விழ வேண்டிய ஒளிப்புள்ளி பூனைக்கண் மாதிரி நசுங்கும். அதோட லென்ஸ் ஓரத்துல செய்யுற மத்த பிழைகளும் சேந்தா சுழல். மெர்டே உயிரோட இருந்தா, தான் ஒழிக்கப் பாத்ததைத் தேடி வாங்குறாங்களேன்னு தலையில அடிச்சுக்குவாரு.

நான் இருக்குற கட்டிடத்துக்கு ஒரு காவல்காரத் தாத்தா அப்பப்போ வருவார். குழாய் ரிப்பேர், சாவி, குப்பைத் தொட்டி எல்லாம் அவர்தான். ஒருநாள் என் கையில லென்ஸைப் பாத்துட்டு வாங்கி, அந்த ரஷ்ய எழுத்தை என்னை மாதிரி எழுத்துக்கூட்டாம சரளமாப் படிச்சார். கிழக்கு ஜெர்மனிப் பள்ளிக்கூடத்துல ரஷ்யன் கட்டாயப் பாடம். அப்புறம் வெளிச்சத்துக்கு நேராப் பிடிச்சு, ஒரு கண்ணை மூடிப் பாத்துட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "பயோட்டார்."

அவர் வாலிப வயசுல இங்க ஒரு ஆலையில கண்ணாடிக்கு மெருகேத்துறவரா இருந்திருக்கார். 1990-ல நாடு ஒண்ணா சேந்துச்சு. டிரெஸ்டன் கேமரா ஆலையை மூடப்போறதா அந்த அக்டோபர்லயே அறிவிச்சுட்டாங்க. 1991-ல யேனா ஆலை ரெண்டா பிரிஞ்சு, நுண்ணோக்கி மாதிரி ஒளியியல் பாகமெல்லாம் ஓபர்கோகன் பங்காளிகிட்ட போச்சு. ஆயிரக்கணக்கானவங்களுக்கு வேலை போச்சு. பழைய ஆலை இருந்த இடத்துல இப்போ ஷாப்பிங் மால். வருத்தமா எதுவும் சொல்லலை அவர். "என் விரலுக்கு இன்னும் தெரியும்"னு மட்டும் சொல்லி, கட்டைவிரலால காத்துல ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்.

வடிவமைச்சவர் போயிட்டார், வடிவத்தைக் கொண்டு போன நாடும் இல்ல, அந்த மவுண்ட்டும் வழக்கொழிஞ்சாச்சு, மெருகேத்துறவர் சாவிக்கொத்தோட திரியுறார், படம் எடுத்தவர் ஜெராக்ஸ் போடுறார். நானும் நாளைக்கு எந்த ஊர்ல வேலை கிடைக்குதோ அங்க போகப்போறவன்தான். படிப்பு முடிஞ்சா எங்களை மாதிரி ஆளுங்களை யாரும் லாரியில ஏத்துறதில்ல, நாங்களே டிக்கெட் எடுத்துக்குறோம். ஆனா 45.46-க்கு ஒரு குழாயை வச்சா இந்தக் கண்ணாடி இன்னும் வேலை செய்யுது. பழசை எல்லாம் பிஸ்கட் டப்பாவுல போட்டுப் 'பாடம் பண்ணி' வைக்குறதுக்கு முன்னாடி, அதை ஓட்டத் தெரிஞ்சவங்க இருக்குறப்பவே ஒரு வார்த்தை கேட்டுக்கணும்னு தோணுது. லென்ஸைக் கொடுத்தவரைக் கேக்காம இருந்திருந்தா, நான் இதைச் செத்த லென்ஸ்னு முடிவு கட்டியிருப்பேன்.

தாத்தாவை வாசல் மரத்தடியில நிக்க வச்சு ஒரு படம் எடுத்தேன். எஃப்/2, ஒரு மீட்டர் தூரம். பின்னாடி இலையெல்லாம் சுழலுது, அந்தப் பூஞ்சைத் தடத்தால லேசா ஒரு புகை மாதிரி. எனக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சு. பெருமையா மாமாவுக்கு வாட்ஸப்ல அனுப்பினேன். இதை எடுத்தது உங்க லென்ஸ், இவரு இந்த லென்ஸோட பெரியப்பா வீட்டு ஆளுன்னு.

ஒரு மணி நேரம் கழிச்சு பதில் வந்துச்சு.

"ஃபோகஸ் மூக்குல இருக்கு. கண்ணுல இல்ல. மறுபடி எடு."

பெருசாக்கிப் பாத்தா அதேதான். அந்தத் தூரத்துல எஃப்/2-ல தெளிவா இருக்குறது மொத்தமே மூணு நாலு சென்டிமீட்டர். மூக்குல வச்சா கண் போயிரும். ஜெராக்ஸ் கடையில உக்காந்து போன் திரையில கண்டுபிடிச்சிருக்கார் மனுஷன்.

வர்ற சனிக்கிழமை தாத்தாகிட்ட நேரம் கேட்டிருக்கேன்.

டிஸ்கி: உங்க வீட்டுப் பரண்லயும் இப்படி ஏதாவது இருந்தா, பழைய இரும்புக்குப் போடுறதுக்கு முன்னாடி ஒரு பின்னூட்டம் போடுங்க. வளையம் எத்தனைன்னு மாமாகிட்ட கேட்டுச் சொல்றேன் :-)